மைனா மார்க்

சாட்சிக் கூண்டில் ஏறும்போது செருப்பைக் கழற்ற வேண்டுமா வேண்டாமா என்று நல்லசிவத்துக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து அவன் மனம் அதையேதான் பிடித்துக்கொண்டு தொங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூர் முனிசீப் கோர்ட்டு வராந்தாவில், ஜன்னலுக்குக் கீழே, சுவரில் முதுகு சாய்த்துக் குத்தவைத்திருந்தான். பக்கத்தில் அவன் படம் வரைகிற அச்சகத்தின் கணக்கப்பிள்ளை பெத்தணன் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். சிவகாசியில் ரயில் ஏறியதிலிருந்து அவர் அவனுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே வந்திருந்தார்.

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. படம் எங்கிருந்து வந்துச்சுன்னா மனசுல தோணுனத வரைஞ்சேன்னு சொல்லு. புருவத்தக் காட்டிக் கேட்டாம்னா அச்சுக் கல்லுல கீறல் விளுந்திருச்சுன்னு சொல்லு. அந்தம்மாவத் தெரியுமான்னா தெரியாது. அம்புட்டுத்தான். காப்பி சாப்பிட்டுட்டு அடுத்த வண்டியில ஊரு போயிருவோம்.”

ஜன்னலுக்கு உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. தாழ்ந்த, தெளிவான குரல். எம். புதுப்பட்டி மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் பாக்கியவதி. அவள்தான் வாதி. அச்சக முதலாளி சங்கிலிமுத்து பிரதிவாதி. தன் முகத்தை வெடிப் பாக்கெட்டு லேபிளில் அச்சடித்து ஊரெல்லாம் விற்றதால் தனக்கு உண்டான அவமானத்துக்கும் மன வேதனைக்கும் நஷ்டஈடு வேண்டும் என்பது பிராது. வக்கீல் குமாஸ்தாக்கள் வராந்தாவில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். வரப்பை வெட்டினான், வாய்க்காலை மறித்தான் என்று வருகிற கோர்ட்டில் மனசை எடுத்துக்கொண்டு ஒருத்தி வந்திருக்கிறாள் என்றான் ஒருவன்.

முதலாளியின் வக்கீல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“தினமும் வேலைக்குப் போறீங்களாம்மா?”

“போறேன்.”

“சம்பளத்துல பிடித்தம் உண்டா?”

“இல்லை.”

“வேளா வேளைக்குச் சாப்பிடுறீங்க?”

“சாப்பிடுறேன்.”

“அப்ப உங்களுக்கு என்னதான் நஷ்டம்? கோர்ட்டாருக்குப் புரியும்படியாச் சொல்லுங்க.”

நல்லசிவம் தன்னையறியாமல் தலையை உயர்த்தி ஜன்னல் கம்பியைப் பார்த்தான்.

“ஊசி போடப் போனா முன்னாடி எல்லாரும் பயந்துக்கிட்டு ஊசியைத்தான் பார்ப்பாங்க,” என்றாள் அவள். “இப்ப என் மூஞ்சியைப் பார்க்கிறாங்க.”

உள்ளே யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். முனிசீப் மேஜையைத் தட்டும் சத்தம் கேட்டது. பெத்தணனும் சிரித்து, வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். மூன்று வருஷத்துக்கு முன்னால், அவன் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய செய்தியை அவனுக்குச் சொன்னது இதே குரல்தான்.

அப்போது சண்முகத்தாய்க்குத் தலைப்பிரசவம். உள்ளூர் மருத்துவச்சி கையை விரித்துவிட, புதுப்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா வெளியூர் போயிருந்தார். இந்த நர்ஸ் ஒருத்திதான் இருந்தாள். ஒரு பகல், ஓர் இரவு, மறுபடியும் ஒரு பகல். உள்ளே சண்முகத்தாய் போட்ட கூச்சலை வராந்தாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க அவனால் முடியவில்லை. இவள் பிழைக்க மாட்டாள் என்று அவனுக்கு நிச்சயமாகத் தோன்றியது. அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கக்கூடாது என்று மட்டும் இருந்தது. எழுந்தான். சிவகாசி ரோட்டில் நடக்க ஆரம்பித்தான், பிறகு ஓடினான். ஊர் எல்லைக் கிணற்றைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து யாரோ அவன் மணிக்கட்டைப் பிடித்தார்கள். நர்ஸ்தான். முழங்கை வரை ரத்தமாக, மூச்சிரைக்க நின்றாள். “அவங்க உங்க பேரைச் சொல்லித்தான் கத்துறாங்க. வாங்க,” என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கையை விடாமல் திரும்ப இழுத்துக்கொண்டு போனாள்.

விடியும்போது கதவைத் திறந்து அவள் வெளியே வந்தாள். தலைமுடி கலைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. நிற்க முடியாமல் நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டு, “ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பொம்பளைப் பிள்ளை,” என்று சொல்லிச் சிரித்தாள். அந்த முகத்தை அவன் பார்த்தான். இடது புருவத்தின் நடுவே சின்னதாக ஒரு வெட்டுத் தழும்பு, அந்த இடத்தில் மட்டும் முடி இல்லை. அதையும் பார்த்தான். பிறகு உட்கார்ந்து அழுதான்.

அவன் ஓடிய கதை சண்முகத்தாய்க்கு இன்றுவரை தெரியாது. நர்ஸின் பேரைத்தான் பிள்ளைக்கு வைக்க வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். மாமியார் வீட்டில் முணுமுணுத்தார்கள். அவள் கேட்கவில்லை. பிள்ளை பாக்கியம் ஆனாள்.

நயா பைசா வந்த வருஷம், சித்திரையில், முதலாளி அவனைக் கூப்பிட்டார். ஒரு வெடிக் கம்பெனியிலிருந்து பெரிய ஆர்டர். “கிளி, மயிலு, ரோசாப்பூன்னு போட்டுப் போட்டுச் சலிச்சுப்போச்சுலே. ஒரு பொம்பள மொகம் போடு. கடைக்கு வாரவன் மொகத்தப் பாத்துக் கைய நீட்டணும்,” என்றார். நல்லசிவம் லித்தோ அச்சுக் கல்லின் முன்னால் உட்கார்ந்தான். புள்ளி புள்ளியாக வைத்து வைத்துத்தான் அந்த வேலையில் முகம் எழும்பும். கன்னத்துக்கு ஆயிரம் புள்ளி, கண்ணோரத்து நிழலுக்கு இன்னும் சில நூறு. நாலாவது நாள் புருவத்துக்கு வந்தான். கை தானாக நடுவில் ஓர் இடம் விட்டது. அப்போதுதான் அது யாருடைய முகம் என்று அவனுக்குத் தெரிந்தது.

அந்த இடத்தில் நாலு புள்ளி வைத்து அடைத்திருந்தால் போதும். வைக்கவில்லை. அதுவரை அவன் வரைந்த ஆயிரம் லேபிளில் உயிரோடு ஒரு முகம் வந்ததில்லை. இது வந்திருந்தது. அதைக் கெடுக்க மனசு வரவில்லை. பின்னால் எத்தனையோ முறை அந்த நிமிஷத்தை நினைத்துப் பார்த்திருக்கிறான். பக்தியினால்தான் விட்டேன் என்று சொல்லிக்கொள்ளப் பார்ப்பான். அது அகம்பாவம் என்று அவனுக்கே தெரியும்.

முதலாளி பார்த்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார். “நல்லாத்தாம்லே இருக்கு. ஆனா சாமி படமாட்டம் இருக்கே. ஒரு கண்ண அடிக்க விடு. உதட்டுல செவப்ப ஏத்து. ரவிக்கைய இன்னும் கொஞ்சம் எறக்கு.” அவன் கண்ணை அடிக்க விட்டான். உதட்டில் சிவப்பை ஏற்றினான். ரவிக்கையை இறக்கினான். ‘மைனா மார்க்’ என்று முதலாளியே பேர் வைத்தார்.

அந்தத் தீபாவளிக்கு மைனாதான் எங்கும். விருதுநகர் பஜாரில் மிளகாய் மண்டிச் சுவர்களில்கூட அந்த லேபிளை ஒட்டிவைத்திருந்தார்கள். புதுப்பட்டியிலேயே பாதிப்பேர் வெடிக் கம்பெனியில் பாக்கெட்டு ஒட்டுகிறவர்கள். அது யார் முகம் என்று ஒட்டிய கைகளுக்குத்தான் முதலில் தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் விடலைகள் அவளைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறந்தார்கள். பஸ்ஸில் ‘மைனா, மைனா’ என்று பாடினார்கள். ஓவியக்காரன் முன்னால் இப்படி உட்கார்ந்தாளா என்று கோயிலில் பெண்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்கு யாரோ ஒரு லேபிளைத் தபாலில் அனுப்பினார்கள். அதோடு அந்தச் சம்பந்தம் நின்றது. அவளுடைய தகப்பனார் தேவாசீர்வாதம், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார், லேபிளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு முதலாளியைப் பார்க்க வந்தார். இனிமேல் அச்சடிக்காதீர்கள் என்று மட்டும்தான் கேட்டார். அன்று நல்லசிவம் மிஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். “மொகத்துக்கு ஒங்க மக பட்டா வாங்கி வச்சிருக்காளா, சார்?” என்று முதலாளி கேட்டது அங்கே வரைக்கும் கேட்டது. கிழவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அடுத்த மாதம் சம்மன் வந்தது.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நல்லசிவம் முதலாளியிடம் வாயைத் திறந்தான். அந்த முகம் அந்தம்மாவுடையதுதான் என்றான். முதலாளி கோபப்படவில்லை. அவனை உட்காரச் சொல்லி, காப்பி வாங்கிக் கொடுத்தார்.

“நீ உண்மையச் சொல்லுத. சரி. ஒரு பொஞ்சாதி உள்ளவன், இந்தம்மா மொகம் எம் மனசுல இருந்துச்சு, அதான் வரைஞ்சேன்னு கோர்ட்டுல நின்னு சொன்னா ஊரு என்னலே பேசும்? இப்ப வெறும் லேபிளோட இருக்கு. அப்புறம் ஒன் பேரும் அவ பேரும் சேந்துரும். அவளுக்கு நல்லது செய்யணும்னா வாய மூடிக்கிட்டு இரு.”

அது நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் பட்டதில் அவனுக்கு உண்டான ஆறுதலை நினைத்தால்தான் பின்னால் உடம்பு கூசும்.

டவாலிச் சேவகன் பேர் சொல்லிக் கூப்பிட்டான். நல்லசிவம் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனான். சத்தியம் வாங்கினார்கள். கூண்டுக்கட்டை வழவழவென்று இருந்தது, எத்தனையோ பேர் பிடித்துப் பிடித்து. நேர் எதிரே பெஞ்சில் அவள் வெள்ளைச் சேலையில் தகப்பனார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முதலில் யாரோ என்றுதான் பார்த்தாள். பிறகு கழுத்தைக் கொஞ்சம் நீட்டினாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவனுக்கும் தெரிந்தது. படத்தை வரைந்தவன் யார் என்று அவள் அதுவரை அறிந்திருக்கவில்லை.

அவளுடைய வக்கீல் லேபிளை அவனிடம் நீட்டினார்.

“இதை வரைந்தது நீர்தானே?”

“ஆமாங்க.”

“யாரைப் பார்த்து வரைந்தீர்?”

“யாரையும் பாக்கலிங்க. மனசுல தோணுச்சு.”

“இந்தப் புருவத்தின் நடுவில் ஒரு வெட்டு இருக்கிறதே. அதுவும் மனசில் தோன்றியதா?”

“அது கல்லுல விளுந்த கீறலுங்க.”

“எதிரில் இருக்கிற இந்த அம்மாவை இதற்கு முன்னால் எங்கேயாவது பார்த்திருக்கிறீரா? நன்றாக யோசித்துச் சொல்லும்.”

அவன் யோசிக்கிறவன் போல நின்றான். மணிக்கட்டில் அவளுடைய பிடி தெரிந்தது, சூடாக, ஈரமாக.

“இல்லிங்க. இன்னிக்கித்தான் பாக்கேன்.”

வக்கீல் அவளிடம் குனிந்து என்னவோ கேட்டார். அவள் நல்லசிவத்தைப் பார்த்தபடியே இல்லை என்று தலையசைத்தாள். அத்தோடு அவனை இறங்கச் சொன்னார்கள். திரும்பும் ரயிலில் பெத்தணன் அவன் முதுகில் தட்டினார். “கல்லுல கீறல்னு சொன்ன பாரு, முனிசீப்பே தல ஆட்டிட்டாரு!”

வீட்டுக்குச் செய்தி அவனுக்கு முன்னாலேயே போய்விடவில்லை. மறுநாள்தான் போனது. பெத்தணன் பலசரக்குக் கடையில் நின்று கோர்ட்டுக் கதையைச் சொல்லியிருக்கிறார். எண்ணெய் வாங்கப் போன சண்முகத்தாய் முழுக்கக் கேட்டுவிட்டு வந்தாள். மைனா லேபிளை அவள் முன்பே பார்த்திருந்தாள். அது யார் என்றும் தெரியும். கேட்டபோது அவன், ‘மொதலாளி எங்கயோ ஒரு போட்டோவக் கொண்டாந்தாரு’ என்று சொல்லி மழுப்பியிருந்தான். சாயங்காலம் அவன் வந்து கைகால் கழுவும்வரை காத்திருந்தாள்.

“அந்தம்மாவப் பாத்ததே இல்லைன்னா சொன்னீக?”

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“எந் தலமாட்டுல ரெண்டு நாளு நின்னவுகள. தண்ணி குடிக்கப் போகாம நின்னவுகள. பாத்ததே இல்லையோ?”

“வேல போயிரும், தாயி. அதுவுமில்லாம அந்தம்மாவுக்கே...”

“அப்ப நான் எங்கன பெத்தேன்? ரோட்டுலயா?” என்றாள். அவள் குரல் உயரவில்லை. “இனிமே புள்ளைய எப்பிடிக் கூப்புடுவீக? சொல்லுங்க, கேப்பம்.”

அவள் சண்டை போடவில்லை. சோறு போட்டாள். ஆனால் அன்றிலிருந்து பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ‘ஏட்டி’ என்றாள், ‘இங்க வாட்டி’ என்றாள். தன் பேர் எங்கே போயிற்று என்று பிள்ளைக்குப் புரியவில்லை. சில நேரம் தானே, “பாக்கியம் வந்துட்டா, பாக்கியம் சாப்பிடப் போறா,” என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடும். அந்த நேரத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள்.

தை மாதம் தீர்ப்பு வந்தது. படம் வாதியினுடையதுதான் என்பதற்குத் தக்க சாட்சியம் இல்லை. புருவத்தில் காணப்படுவது கல்லின் கீறல் என்று வரைந்தவரே சொல்லியிருக்கிறார். அப்படியே வைத்துக்கொண்டாலும், வாதி வழக்கம்போல் உண்டு உறங்கி ஊதியம் பெற்று வருவதால் மன வேதனை என்பது நிரூபிக்கப்படவில்லை. பிராது தள்ளுபடி. முதலாளி அச்சகம் முழுக்க லட்டு கொடுத்தார். நல்லசிவத்துக்குத் தனியாக ஒரு வேட்டி கொடுத்து, இந்த சீசனுக்கு மைனாவை முழு உருவமாகப் போட வேண்டும், இடுப்பில் கை வைத்தாற்போல, என்றார். அவன் கல்லின் முன்னால் உட்கார்ந்தான். ஒரு புள்ளி வைக்க வரவில்லை. கண்வலி என்று சொல்லிப் பத்து நாள் தள்ளினான். அதற்குள் முதலாளி விருதுநகரிலிருந்து வேறொரு ஓவியக்காரனைக் கூட்டிவந்துவிட்டார். அவன் பழைய லேபிளைப் பார்த்து இரண்டே நாளில் போட்டுக் கொடுத்தான். தழும்பையும் விடாமல் போட்டான்.

பங்குனியில் ஒரு நாள், வீட்டில் சொல்லாமல், நல்லசிவம் புதுப்பட்டிக்கு பஸ் ஏறினான்.

அவள் மருந்தறையில் உட்கார்ந்து, துவைத்த கட்டுத்துணிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நிலையில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். எல்லா நோயாளிகளுக்கும் சொல்வதுபோல, “உட்காருங்க,” என்றாள். அவன் உட்காரவில்லை.

“நான் கோர்ட்டுல பொய் சொன்னேன், நர்ஸம்மா.”

“தெரியும்.”

“அது ஒங்க மொகந்தான். அன்னிக்கிக் காலையில கதவத் தொறந்துக்கிட்டு வந்தீகளே, அந்த மொகம். கெட்ட எண்ணத்துல வரையல.”

“கண்ணடிக்க வச்சது?”

“மொதலாளி சொன்னாரு.”

அவள் ஒரு சுருளை முடித்து முனையைச் செருகி வைத்துவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். முகம் மெலிந்திருந்தது. கண்ணுக்குக் கீழே அவன் வரையாத நிழல்கள் இருந்தன.

“ஆஸ்பத்திரி ரிஜிஸ்தர்ல எம் பொஞ்சாதி பேரு இருக்குமே,” என்றான். “எடுத்துக் காட்டியிருந்தா நான் மாட்டியிருப்பேன். ஏம்மா காட்டல?”

“எங்க வக்கீல் கேட்டார், இந்த ஆளைத் தெரியுமான்னு. தெரியாதுன்னுட்டேன்.” அவள் துணியைப் பார்த்தபடியே பேசினாள். “தெரியும்னா, எப்படித் தெரியும்னு கேப்பாங்க. உங்க வீட்டுக்காரங்க அந்த ரெண்டு நாள் பட்டதை அத்தனை ஆம்பளைங்க நடுவுல நின்னு நான் விலாவாரியாச் சொல்லணும். நான் ஊசின்னு சொன்னதுக்கே சிரிச்சாங்க. அவங்களை எதுக்கு அங்கே இழுக்கணும்?”

துணியை இழுத்துச் சுருட்டியபடி, “நீங்க ரோட்டுல ஓடினதையும் சேத்துச் சொல்லணும்,” என்றாள்.

நல்லசிவம் நிலையைப் பிடித்துக்கொண்டான். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தான். பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்த வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்திருந்தான். அவன் வாயெடுப்பதற்குள் அவளே சொன்னாள்.

“இதை நீங்க அங்க சொல்லியிருக்கணும். இங்க வந்து எங்கிட்டச் சொன்னா உங்களுக்குப் பாரம் இறங்கிரும். அப்பா அன்னைக்குக் கோர்ட்டுல இருந்து வந்து படுத்தவங்கதான். இன்னும் யார்கூடயும் பேசல.”

வெளியே வேப்பமரத்தில் ஏதோ பறவை கத்திக்கொண்டிருந்தது. அவள் பெருமூச்சு விட்டாள். பிறகு, பழக்கத்தினால்தான் என்று தோன்றியது, கேட்டாள்.

“பிள்ளை எப்படி இருக்கு?”

“நல்லாருக்கா.”

“பேரு என்ன வச்சீங்க?”

அவள் கையில் பாதி சுருட்டிய துணியோடு அவன் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். அவன் உதடு பிரிந்தது. சத்தம் வரவில்லை.

அப்போது வாசலில் கூச்சல் கேட்டது. மாட்டுவண்டி ஒன்று ஆஸ்பத்திரி முற்றத்துக்குள் தடதடவென்று வந்து நின்றது. வண்டிக்குள் ஈரச்சாக்கு மூடி ஒரு பெண்ணைக் கிடத்தியிருந்தார்கள். வெடிக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கிற அறையில் தீப்பற்றிக்கொண்டதாம். பின்னாலேயே பத்துப் பதினைந்து பேர் ஓடிவந்தார்கள். கந்தக நெடி முற்றமெங்கும் பரவியது. நரைத்த தலையோடு ஒருத்தி, அந்தப் பெண்ணின் தாயாக இருக்க வேண்டும், மார்பில் அடித்துக்கொண்டு படியேறி வந்தாள்.

“மைனாம்மா! ஏ மைனாம்மா! எம் மகளப் பாருங்க தாயி!”

அதில் கேலி எள்ளளவும் இல்லை. அவளுக்கு வேறு பேர் உண்டு என்பதே அந்தக் கிழவிக்குத் தெரியாது என்று நல்லசிவத்துக்குப் புரிந்தது. கூட்டத்தில் ஒருவன் மற்றவர்களை விலக்கிக்கொண்டு, “மைனாம்மா வாராக, வளி விடுங்கப்பா, வளி விடுங்க!” என்று மரியாதையாகச் சொன்னான்.

“வாரேன்,” என்று பாக்கியவதி எழுந்தாள். கட்டுத்துணிச் சுருள்களை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு அவனைக் கடந்து போனாள்.

அவனும் பின்னால் இறங்கினான். வண்டிக்காரன் பெண்ணைத் தூக்கப் போகும்போது மூக்கணாங்கயிற்றை யார் கையிலாவது கொடுக்கத் திரும்பி, அவன் கையில் திணித்துவிட்டுப் போனான். நெடியில் மாடுகள் மிரண்டு பின்வாங்கின. நல்லசிவம் காலை ஊன்றி இழுத்துப் பிடித்தான். உள்ளே அந்தப் பெண் அலறுவது கேட்டது. அதற்கு ஊடே நர்ஸின் குரல், தண்ணீர் கேட்டு, கதவைச் சாத்தச் சொல்லி, “இங்க பாரு, என்னைப் பாரு, என் மூஞ்சியைப் பாரு தாயி,” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. கயிறு உள்ளங்கையை அறுத்தது. வலதுபக்கத்து மாடு மெல்ல அடங்கி, கழுத்தைத் திருப்பி, வேர்வையில் நனைந்திருந்த அவன் மணிக்கட்டைச் சொரசொரத்த நாக்கால் நக்க ஆரம்பித்தது. அவன் கையை எடுக்கவில்லை.